குளிரில் கால் விறைக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

பனியில் நடப்பவர், பனிச்சறுக்குக்குப் போகிறவர், விடியற்காலையில் பறவை பார்க்க அசையாமல் நிற்பவர், குளிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் என்று யாராக இருந்தாலும் கால் ஜில்லிட்டதும் செய்கிற முதல் காரியம், இன்னொரு ஜோடி சாக்ஸைத் தேடுவது. பாதி நேரம் அதனால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கால் குளிர்வதற்குத் தனித்தனியாக நாலைந்து காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. எப்போது குளிர்கிறது, பாதத்தில் எந்த இடம் குளிர்கிறது, சாக்ஸைக் கழற்றினால் கைக்கு என்ன தட்டுப்படுகிறது என்று மூன்றையும் கவனித்தாலே காரணம் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். சாக்ஸைக் கூட்டுவது கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

வலித்துக்கொண்டிருந்தது, இப்போது வலி இல்லை, சூடும் இல்லை

வரிசைப்படி இது கடைசியில் வர வேண்டியது. ஆனால் மற்றதெல்லாம் அசௌகரியம், இது ஆபத்து என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளிர்ந்த கால் வலிக்கும், ஊசி குத்தும். நடந்து சூடேறினால் வலி மெல்லக் குறைந்து கதகதப்பு திரும்பும். கதகதப்பு வராமல் வலி மட்டும் நின்றுபோனால் உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். காற்று படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து உடனே ஷூவைக் கழற்றுங்கள்.

தோல் வெளுத்திருக்கிறது, ஆனால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது என்றால் இன்னும் நேரமிருக்கிறது. ஈரச் சாக்ஸைக் கழற்றி, உடன் வந்தவரின் அக்குளிலோ வயிற்றிலோ பாதத்தைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். கூச்சப்படுகிற நேரமல்ல இது. உணர்வு திரும்பினால் காய்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். திரும்பவில்லை என்றால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது. பக்கத்தில் எங்கே தங்குமிடம் இருக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான்.

தோல் மெழுகு நிறத்தில் வெளுத்து, தட்டினால் கட்டையாக இருந்தால் அது பனிக்கடி. தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது. உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. 1812-இல் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது அதன் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, உறைந்த காலை இரவில் நெருப்பில் சூடேற்றிவிட்டு மறுநாள் மறுபடி பனியில் நடந்த வீரர்கள் கால்களை இழப்பதைக் கண்டார். அதற்கு மாற்றாக அவர் சொன்னது பனிக்கட்டியால் தேய்ப்பது. அந்த வைத்தியம் நூறாண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது, அது தவறு. ஆனால் அவர் கண்ட ஆபத்து உண்மை: உருகி மறுபடியும் உறையும் சதைதான் அதிகம் சேதமாகிறது. அதனால் இன்னும் நடக்க வேண்டிய தூரம் இருந்தால், மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால், வழியில் உருக்காதீர்கள். உறைந்த காலோடு நடந்து இறங்குவதே மேல். இனி உறையாது என்று நிச்சயமான இடத்துக்கு வந்தபின் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீரில், தோல் மென்மையாகிச் சிவக்கும் வரை வைக்க வேண்டும். ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும் என்பதால் இடையிடையே வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிடுங்கள். வலி பிடுங்கி எடுக்கும். அதன் பிறகு மருத்துவமனை.

காரணத்தைத் தேடும் முன் ஒரு சோதனை

கால் குளிர்கிற அந்த நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து செய்தால் தடயம் எல்லாம் கலைந்துவிடும். ஒரு ஷூவை மட்டும் கழற்றுங்கள். சாக்ஸை விரல் பக்கம், குதிகால் பக்கம், மேல்பக்கம் என்று தனித்தனியாகக் கிள்ளிப் பாருங்கள். உள்பக்கம் ஈரமா, வெளிப்பக்கம் ஈரமா? உள்ளே என்றால் வியர்வை, வெளியே என்றால் பனி அல்லது தண்ணீர். பிறகு சாக்ஸை இறக்கிப் பாதத்தைப் பாருங்கள். லேஸ் போன வழியிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் பள்ளமாகத் தடம் விழுந்திருக்கிறதா? கடைசியாக ஷூவின் உள்தட்டை, அதாவது இன்சோலைத் தொட்டுப் பாருங்கள். ஷூவின் பக்கவாட்டைவிட அது ஜில்லென்று இருந்தால் குளிர் தரையிலிருந்து ஏறுகிறது.

கிளம்பிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜில்லிடுகிறது

ஷூ இரவு முழுக்க எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாசலிலோ வண்டியின் டிக்கியிலோ கிடந்த பூட்ஸ் வெளிக்காற்றின் குளிரிலேயே இருக்கும். அந்த ரப்பரையும் பஞ்சையும் சூடேற்றுகிற வேலை முழுக்க உங்கள் பாதத்தின் தலையில் விழுகிறது. பனிச்சறுக்குப் பூட்ஸில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பிளாஸ்டிக் கூடு குளிரில் இறுகியும் விடும். வீட்டுக்குள் வைத்திருங்கள், வண்டியில் போகும்போது டிக்கியில் போடாமல் உட்காருகிற இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டு, பனிக்கால பூட்ஸோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவதும் உண்டு. இறங்கும்போது கால் சுகமாக இருக்கும், சாக்ஸ் வியர்வையில் ஊறியிருக்கும். வரும் வழியில் சாதாரணச் செருப்போ ஷூவோ போதும். போன இடத்தில் காய்ந்த சாக்ஸ் போட்டு பூட்ஸ் மாட்டிக்கொள்ளலாம்.

நடக்கும்போது ஒன்றுமில்லை, நின்றதும் விறைக்கிறது

குளிர்காலப் புகார்களில் பாதிக்குமேல் இந்த வகைதான் என்பது என் கணிப்பு. ஆளைக் கேட்டால், "நடக்கும்போது கால் வியர்க்கிற அளவுக்குச் சூடாக இருந்தது" என்று பெருமையாகச் சொல்வார். சிக்கல் அந்த வியர்வையில்தான் இருக்கிறது.

பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. கதகதப்பு தருவது சாக்ஸின் நூல் அல்ல, நூலுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடத்தை வியர்வை பிடித்துக்கொண்டால் எவ்வளவு தடிமனான சாக்ஸும் வெறும் ஈரத்துணிதான். நடக்கிற வரை தசை தருகிற சூடு இதை மறைத்துவிடும். நின்றதும் குட்டு வெளிப்படுகிறது.

முதலில் பருத்தி சாக்ஸை ஒதுக்குங்கள். அது ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு, தோலோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. நனைந்த பிறகும் கொஞ்சம் உப்பலாகவே நிற்கும். மெரினோ என்ற மெல்லிய இழைக் கம்பளி தோலை அரிக்காது. உள்ளே மெல்லிய செயற்கை இழைச் சாக்ஸ், மேலே கம்பளி என்று இரண்டு அடுக்கு போடுகிறவர்கள் உண்டு. ஷூவில் இடமிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கம்பளி ஒன்றே போதும்.

அடுத்து, வியர்வை வருவதையே குறைக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்கே உடுத்துங்கள். பத்து நிமிட நடையில் அது சரியாகிவிடும். ஏற்றம் வந்தால் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், தொப்பியை எடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். முதுகு நனையும் வேகத்தில் ஏறினால் பாதமும் நனைந்திருக்கும். காலுக்கு அளவு மீறி வியர்க்கும் உடல்வாகு என்றால், அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வை தடுப்பானைப் பயணத்துக்கு முந்தைய சில இரவுகளில் காய்ந்த பாதத்தில் தடவிப் பார்க்கலாம். தோல் எரிந்தால் விட்டுவிடுங்கள்.

நடந்து போய் ஓரிடத்தில் வெகுநேரம் உட்கார வேண்டிய வேலை என்றால், உதாரணமாக உறைந்த ஏரியில் மீன் பிடிக்கவோ படம் எடுக்கவோ போனால், சாக்ஸைப் போன இடத்தில் மாற்றுவதுதான் ஆகச் சிறந்த வழி. உடம்புச் சூடு இறங்குவதற்கு முன்பே, வந்து நின்ற கையோடு செய்துவிட வேண்டும். கழற்றி, பாதத்தை விரலிடுக்கு உட்படத் துடைத்து, ஒரு நிமிடம் காற்றாட விட்டு, பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்த காய்ந்த ஜோடியைப் போடுங்கள். நனைந்ததை உள்சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே தோளில் போட்டுக்கொண்டால் மாலைக்குள் ஓரளவு உலர்ந்துவிடும்.

நீர் புகாத, ஆனால் ஆவியை வெளிவிடும் சவ்வு வைத்த ஷூ இருக்கிறதே என்று கேட்பார்கள். ஆவி அந்தச் சவ்வு வரை போய்ச் சேர்ந்தால்தானே வெளியேறும். கடுங்குளிரில் அது வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. வெளியே இருந்து வருகிற ஈரத்துக்கு அந்தச் சவ்வு நல்லது, உள்ளே உண்டாகிற ஈரத்துக்கு அதை ரொம்பவும் நம்ப வேண்டாம்.

விரல்கள் மட்டும் மரத்துப்போகின்றன. கழற்றினால் தடம் விழுந்திருக்கிறது

ஷூ இறுக்கம். இரண்டாவது சாக்ஸ் போட்ட பிறகு தொடங்கிய தொல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். இறுக்கம் இரண்டு வழியில் கெடுக்கிறது: சாக்ஸில் உள்ள காற்றை நசுக்கி வெளியேற்றுகிறது, விரலுக்குப் போகும் ரத்தத்தையும் தடுக்கிறது. பாதத்தின் மேல்பக்கத்தில், லேஸ் கட்டுகிற இடத்துக்குக் கீழேதான் விரல்களுக்கான ஒரு முக்கியத் தமனி ஓடுகிறது. அங்கே விரலை வைத்தால் நாடித் துடிப்பே தட்டுப்படும்.

இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, நீங்கள் போடப்போகும் அதே சாக்ஸோடு அதன்மேல் நில்லுங்கள். குதிகால் பின்விளிம்போடு ஒட்டியிருக்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சதை இன்சோலுக்கு வெளியே வழியக் கூடாது. வழிந்தால் அந்த ஷூ குளிருக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. புது ஷூ போட்டுப் பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று உப்பியிருக்கும்.

ஷூ சரியான அளவுதான் என்றால் லேஸைப் பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னால் சரியாமலிருக்க நாம் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிடுகிறோம். குதிகால் பிடித்தால் போதும், விரல் பக்கம் தளர்வாக இருக்கலாம். பாதம் மடங்குகிற இடத்தில் இரண்டு லேஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை முறுக்கி இழுங்கள். அந்த முறுக்கு தானாகவே பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே தளர்வு, மேலே இறுக்கம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பனிச்சறுக்குப் பூட்ஸுக்கு மெல்லிய சாக்ஸ் ஒன்றுதான். தெர்மல் பேன்ட்டின் ஓரத்தை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து போகும்போது பாதத்துக்கு மேலுள்ள பக்கிள்களைத் தளர்த்தி விரல்களை ஆட்டிக்கொண்டிருங்கள்.

உள்ளங்கால் மட்டும் சில்லிடுகிறது

தரை வெப்பத்தை உறிஞ்சுகிறது. மேலே எவ்வளவு பஞ்சு வைத்திருந்தாலும் பாதத்துக்கு அடியில் உள்ள சாக்ஸ் உங்கள் எடையில் அப்பளமாகத் தட்டையாகிவிடும். நசுங்காத பொருள்தான் அங்கே வேலைக்கு ஆகும்: ஃபெல்ட் அல்லது கெட்டியான ஃபோம் இன்சோல். ஆனால் அதை வைத்ததால் ஷூ இறுகிவிட்டால் முந்தைய பகுதிக்கே திரும்பிப் போகவேண்டி வரும். பழைய இன்சோலை எடுத்துவிட்டு வையுங்கள்.

நிற்கிற வேலை என்றால் எதன்மேலாவது நில்லுங்கள். பலகை, மரக்கிளைகள், மடித்த ஃபோம் பாய், எதுவும் பரவாயில்லை. உட்காரும்போது பையைக் காலுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளில் பெடலோடு மாட்டும் ஷூ வைத்திருப்பவர்களுக்கு, அடியில் உள்ள உலோகக் கிளீட்டும் அதன் திருகுத் துளைகளும்தான் குளிர் நுழைகிற வாசல். உள்ளிருந்து அந்தத் துளைகளை டேப்பால் அடைத்து, வெளியே காற்றுப் புகாத ஷூ உறை மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

பூட்ஸ் பெட்டியில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருப்பது ஷூவின் எடை அல்ல. உள்ளே வைத்த செயற்கைப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. நடந்துகொண்டே இருப்பவருக்கு 800 கிராம் பூட்ஸ் வியர்வைத் தொட்டிதான். அசையாமல் உட்காருகிறவருக்கு அது வேண்டும். "-40 டிகிரி வரை" என்கிற வகை எண்களை நான் கண்டுகொள்வதில்லை. நடக்கிறவரின் காலும் நிற்கிறவரின் காலும் ஒன்றல்ல.

என்ன போட்டாலும் குளிர்கிறது, கையும் குளிர்கிறது

காலை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கினால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிக்கொள்கிறது. பாதம் தானாகப் பெரிதாக வெப்பம் உண்டாக்குவதில்லை. பெரிய தசைகள் அங்கே இல்லை. மேலிருந்து ரத்தம் கொண்டுவருகிற சூடுதான் அதற்கு. வருவது நின்றுவிட்டால் சாக்ஸ் எதைக் காப்பாற்றும்?

குளிரில் விரலின் ரத்தக்குழாய்கள் சில நிமிடங்கள் சுருங்கியிருந்து, பிறகு தாமாகத் திறந்து, மறுபடி சுருங்கி என்று மாறி மாறி இயங்குவதை 1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். உடம்பு முழுக்கக் குளிர்ந்திருந்தால் இந்தத் திறப்பு மங்கிவிடுகிறது. ஒரே குளிரில் ஒருநாள் கால் தாங்குவதற்கும் இன்னொருநாள் தாங்காததற்கும் இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஜாக்கெட்டைப் போடுங்கள். கழுத்தை மூடுங்கள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தெர்மல் போடுங்கள். பாதத்துக்கு வரும் ரத்தம் அந்த வழியாகத்தான் வருகிறது. மேலே நான்கு அடுக்கு, கீழே ஒற்றைப் பேன்ட் என்று நிற்பவர்கள் நிறைய. தொப்பியும் போடுங்கள், ஆனால் உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகப் போகிறது என்பது கட்டுக்கதை. தலையின் பரப்புக்கு ஏற்ற அளவே, பத்தில் ஒரு பங்கு போலத்தான் போகிறது.

ஏதாவது சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். மது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடான உணர்வைத் தரும், அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும். பிறகு பெரிய தசைகளை வேலை வாங்குங்கள்: முட்டி மடக்கி எழுவது, ஏற்றத்தில் ஏறி இறங்குவது. எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலை இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் வீசி ஆட்டினால் ரத்தம் விரல்நுனிவரை தள்ளப்படும். ஐம்பது முறை வீசிவிட்டு அடுத்த கால்.

சாக்ஸின் வெளிப்பக்கம் ஈரம்

ஷூவின் வாய் வழியாகப் பனி விழுந்திருக்கும், அல்லது துணி ஷூவின் மேல்பக்கத்தில் படிந்த பனி உடம்புச் சூட்டில் உருகியிருக்கும். கணுக்காலை மூடும் கெய்ட்டர் போதும்.

உறைநிலைக்கு மேலே இருக்கும் குளிரை லேசாக எண்ண வேண்டாம். சேறும் தண்ணீருமாக மணிக்கணக்கில், நாள்கணக்கில் நனைந்த கால், தண்ணீர் உறையாத வெப்பநிலையிலேயே நரம்பு சேதமடையும் அளவுக்குப் போகும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் நடக்க முடியாமல் போனார்கள். தினமும் காலைத் துடைத்து, காய்ந்த சாக்ஸுக்கு மாறுவதே அதற்கு அப்போதும் மருந்து, இப்போதும் மருந்து.

முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாளிலிருந்து தாங்கவில்லை

ஷூவின் பஞ்சு நேற்றைய வியர்வையை இன்னும் வைத்திருக்கிறது. உள்லைனர், அதாவது உள்ளே இருக்கும் பஞ்சு உறை, கழற்ற முடிந்த பூட்ஸ் என்றால் இரவில் கழற்றி, தூங்கும் பைக்குள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இன்சோலையாவது உருவி எடுங்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். அடுப்பின்மேல் காயப்போட்டால் தோல் வெடிக்கும், பசை விடும். தென்துருவத்துக்குப் போன அமுண்ட்சென், ஸ்காட் இருவரின் குழுவினரும் கலைமான் தோல் காலணிக்குள் காய்ந்த கோரைவகைப் புல்லைத் திணித்துக்கொண்டதும் ஈரத்தை அதில் வாங்கத்தான். புல்லை வெளியே எடுத்து உலர்த்திவிட முடியும், காலணியை அப்படி முடியாது.

பல நாள் பயணம், -15 அல்லது -20 டிகிரிக்குக் கீழே, உலர்த்த வழியில்லை என்றால் ஒரு விநோதமான வழி இருக்கிறது. மெல்லிய சாக்ஸ், அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் தடித்த சாக்ஸ். கால் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் தடித்த சாக்ஸும் பூட்ஸும் நனையாது. இரவில் கட்டாயம் கழற்றி பாதத்தை உலர்த்த வேண்டும். ஒருநாள் நடைக்கு இந்தத் தொல்லை தேவையில்லை.

சூட்டுப்பை வைத்தேன், சூடாகவே இல்லை

அந்தப் பையில் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது வருகிற வெப்பம்தான் அது. துருப்பிடிக்கக் காற்று வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் காற்று இல்லை. உறையைப் பிரித்து வெளியே சூடேறவிட்டுப் பிறகு வையுங்கள். கைக்கானதைக் காலில் வைக்காமல் விரலுக்கென்று விற்கும் மெல்லியதை வாங்குங்கள், குறைந்த காற்றில் வேலை செய்யும்படி செய்திருப்பார்கள். சாக்ஸுக்கு வெளியே, விரல்களுக்கு மேல்பக்கம் ஒட்டுங்கள். வெறும் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் சூட்டுப்பையையும் மின்சாக்ஸையும் தவிர்த்துவிட வேண்டும், வெந்துபோவது தெரியாது.

மின்சாக்ஸ் சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்றால் பேட்டரி குளிர்ந்திருக்கும். கிளம்பும்வரை அதை உள்பையில் வைத்திருங்கள். கால் குளிர்ந்த பிறகு போடுவதைவிட முன்பே குறைந்த சூட்டில் போட்டுவிடுவது மேல்.

விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கிறது

அவ்வளவு குளிர் இல்லாதபோதும் ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் கோடு கிழித்தது போல வெளுத்தால், 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற மருத்துவர் விவரித்த ரேனோ நிலையாக இருக்கலாம், அதாவது விரலின் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. உடம்பு முழுவதையும் கதகதப்பாக வைப்பதும் சிகரெட்டை விடுவதும் உதவும். புதிதாக வந்தது, ஒரு காலில் மட்டும் வருகிறது, விரல்நுனியில் புண் ஆகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் கைகால்களைக் குளிரச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெளியே ஒன்றுமில்லை, வீடு திரும்பியபின் அரிப்பும் எரிச்சலும்

சில மணி நேரம் கழித்து விரல்களில் சிவந்த, ஊதா கலந்த தடிப்புகள் வந்து அரித்தால் அது குளிர்த் தடிப்பு. ஈரமும் குளிரும் சேர்ந்த, உறைநிலைக்கு மேலான வானிலையில்தான் பெரும்பாலும் வரும். வீட்டுக்கு வந்தவுடன் காலை ஹீட்டருக்கு நேரே நீட்டுகிறவர்களுக்கு அதிகம். அறைச் சூட்டிலேயே மெல்ல ஆறவிடுங்கள், சொறியாதீர்கள், தோலுக்குக் களிம்பு தடவி தளர்வான சாக்ஸ் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். தோல் பிரிந்து புண்ணானாலோ, குளிர்காலம் முடிந்தும் போகாவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.